நீங்க ஃப்ரெஷரா பாஸ்?

‘‘டேய், நீ ஃப்ரெஷரா?’’

காலேஜ்ல சேர்ந்த முதல் நாள், ஹாஸ்டல் மெஸ் வாசல்ல ஒரு சீனியர் என்கிட்ட கேட்ட கேள்வி இது. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் நான். ‘ஃப்ரெஷ்’ தெரியும். அது என்ன ‘ஃப்ரெஷர்’? ‘‘ஆமாண்ணா, இப்பதான் குளிச்சுட்டு வந்தேன்’’னு ரொம்பப் பவ்யமா சொன்னேன். மெஸ்ஸே சிரிச்சது. அடுத்த ரெண்டு மாசத்துக்கு என் பேரே ‘குளிச்சவன்’தான்!

அந்த வார்த்தையைச் சும்மா விடுறதா? டிக்‌ஷனரியும் கையுமா உட்கார்ந்துட்டேன்.

மூத்த வார்த்தை ‘ஃப்ரெஷ்மேன்’. 16-ம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ்ல இருக்கு. ‘ஒரு வேலைக்குப் புதுசா வந்தவன்’ என்பதுதான் முதல் அர்த்தம். அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ளேயே யுனிவர்சிட்டி முதல் வருஷ மாணவனுக்கும் அதே பேர் வந்துடுச்சு. ‘ஃப்ரெஷர்’ அதோட செல்லப் பேர். அசோசியேஷன் ஃபுட்பாலை ‘சாக்கர்’னும், ரக்பியை ‘ரக்கர்’னும் சுருக்கினாங்களே பிரிட்டிஷ் ஸ்டூடன்ட்ஸ், அவங்க 19-ம் நூற்றாண்டுல பண்ணின வேலை!

அமெரிக்கா போனா கதையே வேற. அங்கே முதல் வருஷம் ‘ஃப்ரெஷ்மேன்’, ரெண்டாவது ‘சோஃபமோர்’, மூணாவது ‘ஜூனியர்’, நாலாவது ‘சீனியர்’. தேர்டு இயர் படிக்கிற நான் இங்கே சீனியர். ஃப்ளைட் ஏறி அங்கே இறங்கினா ஜூனியர்! இன்னொண்ணு... அங்கே ஒன்பதாம் கிளாஸ் பசங்களும் ஃப்ரெஷ்மேன்தான். ‘பொண்ணுங்களும் படிக்கிறாங்க, அப்புறம் என்ன மேன்?’ங்கிற கேள்வியும் அங்கே உண்டு. யேல் யுனிவர்சிட்டி 2017-ல் அந்த வார்த்தையை விட்டுட்டு, ‘ஃபர்ஸ்ட் இயர்’னு மாத்திக்கிச்சு. நம்ம ஊர்ல நாம ரொம்ப நாளா அப்படித்தானே சொல்றோம்!

நம்ம ஊர் ஃப்ரெஷருக்கு ரெட்டை வேஷம். காலேஜ்ல நுழைஞ்சப்ப ஒரு தடவை ஃப்ரெஷர். நாலு வருஷம் முட்டி மோதி, அரியரெல்லாம் கிளியர் பண்ணி, டை கட்டிக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போனா, வேலை அனுபவம் இல்லாத நீங்க மறுபடியும் ‘ஃப்ரெஷர்’! டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரியில வர்ற நண்பர்கள்தான் பாவம். நேரா செகண்ட் இயர்ல உட்கார்றதால, காலேஜுக்குப் புதுசா இருந்தாலும் ஃப்ரெஷர் லிஸ்ட்ல பேர் இருக்காது.

காமெடியெல்லாம் சரி. ஆனா, ‘ஃப்ரெஷர்’னு கூப்பிடுற தொனியில ஒரு பயமும் ஒட்டிக்கிட்டிருக்கு. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டப்ப தமிழ்நாடே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்துதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் பண்ணினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ‘சும்மா கலாய்ச்சோம்’னு நாம சொல்லலாம். எதிர்ல நிக்கிறவனுக்கு அது சும்மாவா?

என்னைக் ‘குளிச்சவன்’னு கூப்பிட்டவங்க யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா, அந்த ரெண்டு மாசமும் கிளாஸ்ல ஒரு சந்தேகம்கூட நான் வாய் திறந்து கேட்கலை. இங்கிலீஷ்ல தப்பாப் பேசி இன்னொரு பட்டப் பேர் வாங்கிடுவோமோனு பயம். அந்த செமஸ்டர் மேத்ஸ்ல எனக்கு அரியர்!

இந்த வருஷம் அதே மெஸ் வாசல். ஒரு பையன் தட்டோட நின்னான். ‘‘நீ ஃப்ரெஷரா?’’னு கேட்டான் என் ஃப்ரெண்ட். பையன் திருதிருனு முழிச்சான். எல்லாரும் சிரிக்க ரெடி. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

‘‘ஃபர்ஸ்ட் இயரானு கேட்குறான் தம்பி’’ என்றேன்.

‘‘ஆமாண்ணா, மெக்கானிக்கல்’’னு சொன்னவன், கொஞ்சம் தயங்கிட்டு, ‘‘ஃப்ரெஷர்னா அதானாண்ணா?’’னு கேட்டான்.

அவன் கேட்டுட்டான் பாஸ். எனக்கு அதுவே போதும்!