நாலு மணிக்கு எழும் அப்புச்சி

தாராபுரம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருக்கும் ஒரு அப்புச்சி விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து கதவைத் தட்டுவார். "தண்ணி கட்டப் போகோணும் அம்மிணி, மடையத் தொறந்து உடு" என்பார். அமராவதி வாய்க்கால் பாசனத்தில் காலமெல்லாம் நெல் வெள்ளாமை பார்த்தவர். இப்போது மறதி நோய். கதவைப் பூட்டலாம், தூக்க மாத்திரை கொடுக்கலாம். ஆனால் நாங்கள் வரக்காப்பி கொடுத்து, கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறோம். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டு வந்தபின் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

நோய்க்கு முன்னால் மனிதரைப் பாருங்கள் என்பதே இங்கிலாந்தின் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் வெளியிட்ட நூலின் சாரம். மறதி நோயாளியின் தவிப்பில் நோய்க்கு மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதத்துக்கும் பங்கு உண்டு என்றார் அவர்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கும் அளவுக்கு இல்லங்களை அரசு அமைக்கலாம் என்கிறது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டில்களை எண்ணிவிடலாம், இப்படி மனிதரைப் பார்க்கும் கவனிப்பைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் கேளுங்கள்: எழும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? பிடித்த சாப்பாடு, பார்த்த தொழில், கும்பிடும் சாமி எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? பணியாளர் அடிக்கடி மாறுகிறார்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் பெற்றோரை விடாதீர்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.