வாசனை தெரியலையா? அலட்சியம் வேண்டாம்!

2020, 2021-ல் கொரோனா வந்துபோன பல வீடுகளில் காபி மணக்கவில்லை. தாளிக்கிற வாசனையும் தெரியவில்லை. 'உசிரு பிழைச்சதே பெரிசு, இது போனா என்ன?' என்று சும்மா இருந்தவர்கள் உண்டு. நீங்கள் அப்படி விட்டுடாதீங்க!

மூக்கின் உள்ளே மேல்பகுதியில், வாசனை நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்களைத்தான் வைரஸ் முக்கியமாகத் தாக்குகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட இழுக்கும்.

ஆபத்து சமையலறையில்தான்! சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். மூக்கு வேலை செய்யாவிட்டால் அந்த எச்சரிக்கை வீண். ஆகவே சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மீந்த குழம்பை வீட்டில் வேறொருவர் முகர்ந்து பார்க்கட்டும்.

ஒரு மாதமாகியும் வாசனை திரும்பவில்லையா? காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மூக்குக்கும் பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம்... காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி, அதன் வாசனையை நினைத்தபடி மெதுவாக முகருங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்யணும். பலன் நிதானமாகத்தான் தெரியும், பொறுமை முக்கியம்!