அகரவரிசையும் பொறியின் ஏவலும்

சதுரங்கப்பட்டினக் கடற்கரை வழக்குச் சொற்களைக் கணினியில் தொகுத்து, அகரவரிசைப்படுத்த விழைந்தோம். 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்' என்னும் உரைத்தொகுப்பியினின்று வெளியேறாமலே, 'ஷெல்' என்னும் ஆணையேற்பானுக்குப் பணி ஏவலாம். முக்காற்புள்ளி, விழுக்காட்டுக்குறி, வியப்புக்குறி இட்டு, 'சார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினோம். உரை முழுவதும் அவ்வாணையுட் புகுந்து, வரிசைபெற்று, பழைய உரையின் இடத்தில் அமர்ந்தது.

ஆயின், 'வலை, வள்ளம், வவ்வால்' என நின்றது! வகரம் ளகரத்திற்கு முந்தியதன்றோ? யூனிகோடு அட்டவணையில் ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன் உள்ளன. குறியெண் வழியே அடுக்கிய ஆணை அதனையே பின்பற்றிற்று. 'யூ' விசையை ஒருமுறை அழுத்தப் பழைய உரை மீண்டது.

மாணவச் செல்வங்களே! அடுக்குதல் பொறியின் பணி. சரிபார்த்தல் தமிழ் கற்றார் கடன்.