கோப்பையைத் தூக்கும்போது மட்டும் வீடியோ மங்குவது ஏன்? எப்பவும் நெட்வொர்க்கைத் திட்டாதீங்க!

மேட்ச் முழுக்க கண்ணாடி மாதிரி தெளிவா ஓடிய லைவ், கேப்டன் கோப்பையைத் தூக்கி வண்ணக் காகிதங்கள் பறக்கும் அந்த நிமிடத்தில் மட்டும் கட்டம் கட்டமா உடைஞ்சு மங்கும். கவனிச்சிருக்கீங்களா? 'சிக்னல் போச்சு' என்று போனை ஆட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பல நேரங்களில் சிக்னல் மேல் தப்பே இல்லை.

முழு ஹெச்.டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படங்கள் என்று வைத்தால் நொடிக்கு சுமார் 155 எம்.பி. அப்படியே அனுப்பினால் 1.5 ஜி.பி. டேட்டா 10 நொடியில் காலி!

அதனால் முழுப் படம் எப்போதாவது ஒன்றுதான் வரும். நடுவில் வருபவை பெரும்பாலும் குறிப்புகள். 'போன படத்தில் இருந்த இந்தக் கட்டத்தை 7 புள்ளி வலப்பக்கம் தள்ளி வை' என்பது மாதிரி. எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று தேடும் வேலைக்குப் பெயர்தான் மோஷன் எஸ்டிமேஷன்.

200 கோடி ஒப்பீடுகள்

2003-ல் வந்து இன்றும் புழக்கத்தில் உள்ள ஹெச்.264 முறை, படத்தை 16 × 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தை நாலாபக்கமும் 16 புள்ளி தூரம் தேடினாலே 1,089 இடங்களைப் பார்க்கணும். ஒரு படத்தில் இப்படி 8,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் ஒரே படத்துக்கு 200 கோடியைத் தாண்டும். லைவில் அதுக்கெல்லாம் நேரம் ஏது? பக்கத்துக் கட்டம் நகர்ந்த திசையை வைத்து ஊகித்து, சில இடங்களை மட்டும் பார்த்து, பொருத்தம் கூடும் பக்கம் நகர்ந்து தேடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மென்பொருளுக்கு பவுலர் யார், பந்து எது என்று எதுவும் தெரியாது. ஒரு இடத்துப் புல்லுக்கு வேறு இடத்துப் புல் பொருந்தினாலும் எடுத்து ஒட்டிவிடும். நமக்கும் வித்தியாசம் தெரியாது.

காகிதத்தில் மாட்டுவது எப்படி?

பறக்கும் ஒவ்வொரு துண்டும் சுழல்கிறது, மின்னுகிறது, ஒன்றை ஒன்று மறைக்கிறது. போன படத்தில் தேடினால் ஜோடி கிடைக்காது. கிடைக்காததைப் புதுசா வரைந்து அனுப்பணும். ஆனால் நொடிக்கு இவ்வளவுதான் டேட்டா என்ற வரம்பு அப்படியே இருக்கு. வேறு வழியில்லாமல் நுணுக்கங்கள் வெட்டப்படுகின்றன. மழை, புகை, அருவி, கேமரா ஃபிளாஷ் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

எது நெட் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படம் நின்று வட்டம் சுற்றினால் பெரும்பாலும் நெட்தான். படம் நிற்காமல் ஓடி, கேமரா வர்ணனையாளர் பக்கம் திரும்பியதும் பளிச்சென்று தெளிந்தால், அது பெரும்பாலும் காகிதம் செய்த வேலை.