அப்னா பஜாரிலிருந்து டிமார்ட் வரை

ஒரே பெயரில் பல கிளைகளை நடத்தும் மளிகைக் கடை ஓர் ஊரோடு எந்த அளவுக்கு ஒன்றியிருக்கிறது என்பதை, அங்கே அவ்வூரார் உண்ணும் அரிசியும் பருப்பும் கிடைக்கின்றனவா என்பதை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது. கடை யாருடையது, ஆண்டு முடிவில் மிஞ்சும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பவையே ஆழமான கேள்விகள். இவற்றுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்த இரண்டு நிறுவனங்கள் மும்பையிலேயே தோன்றின. அவற்றுள் பின்னது முன்னதன் பெயரில் கடை நடத்தித் தொழில் பழகிய ஒருவரால் உருவானது.

மும்பையில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த நாய்காவில் 1948இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் கூட்டுறவுச் சங்கமே அப்னா பஜார் என்று பெயர் பெற்றது. நுகர்வோர் கூட்டுறவு என்பது, பொருள் வாங்குவோரே பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகிக் கடையைத் தமதாக்கிக்கொள்ளும் முறை. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குதான். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் திறந்த கடை இதற்கு முன்மாதிரி. அங்கே மிஞ்சிய தொகை, அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப உறுப்பினர்களுக்கே திரும்பியது. சென்னையில் 1904இல் பிறந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நகரின் பல பகுதிகளில் கிளைகளைத் திறந்து, நாய்காவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழியில் நடந்திருக்கிறது என்பது தமிழர் மறக்கக் கூடாத செய்தி.

பங்குச் சந்தையில் பெயர் பெற்ற ராதாகிஷன் தமானி, முதலில் நவி மும்பையின் நெருலில் அப்னா பஜாரின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்று ஒரு கடையை நடத்திப் பார்த்தார். அதன் பிறகே, வருவாய்த் துறைப் பிரிவின்படி குர்லா வட்டத்தைச் சேர்ந்த பவாயில், 2002இல் அவரது முதல் டிமார்ட் கடை திறக்கப்பட்டது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்திலோ நீண்டகாலக் குத்தகையிலோ கடை வைப்பது, சரக்குக்கான பணத்தை விரைந்து கொடுத்து விலையைக் குறைத்து வாங்குவது, ஏற்கெனவே காலூன்றிய பகுதியை ஒட்டியே அடுத்த கடையைத் திறப்பது ஆகியவை அதன் வழக்கங்கள். மண்ணோடு ஒட்டுவது என்பதை நிலத்தளவில் பார்த்தால், டிமார்ட்டைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் 2017இல் பங்குச் சந்தைக்கு வந்த அந்நிறுவனத்தின் ஆதாயம் பங்குதாரர்களுக்கு உரியது. குர்லாவிலிருந்து மாதச் சாமான் வாங்கச் செல்லும் குடும்பத்துக்கு விலைக்குறைவு கிடைக்கிறதே தவிர, வாக்கு கிடைப்பதில்லை.

குர்லாவில் வாங்குவோருக்கு அப்னா பஜார், டிமார்ட் ஆகிய இரண்டையும்விட நெருக்கமானது, கிரானா எனப்படும் தெருமுனை மளிகைக் கடை. அதற்குக் கிளையும் இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை; என்றாலும் கூலி வருவதற்கு முன்பே மாவும் எண்ணெயும் தீர்ந்துபோகும் வீட்டுக்கு, உதார் என்று மும்பையில் சொல்லப்படும் கடனில் சாமானைக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்வது அக்கடைதான். டிமார்ட்டில் அந்த வசதி இல்லை. உடனடியாகப் பணம் வாங்கி விற்பதும் அதன் விலைக்குறைவுக்கு ஒரு காரணம்.