அரங்கும் காற்றும் வகுக்கும் இசைப்பருவம்

வரும் பருவத்துக்கான நிகழ்ச்சிகளை வகுக்க அமரும் அறையிசைக் குழு, எந்தப் படைப்புகளை இசைப்பது என்றே முதலில் எண்ணும். எந்த அரங்கில், எந்தத் திங்களில் என்ற வினாக்களும் அதற்கு நிகரானவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதற்கு நல்ல சான்று.

1895இல் அந்நகரை அடுத்துள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஏறத்தாழ ஐந்தரை நொடி நின்று, பின்வந்த சொற்களை மூடியது. வாலஸ் கிளெமெண்ட் சபீன் என்ற இளம் இயற்பியலாளர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பினார். ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்ற விதி இவ்வாறு பிறந்தது. அதன் துணையோடு எழுந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900இல் திறக்கப்பட்டது.

அவ்வரங்கின் பேரிசைக்குழு 1964இல் தன் முதன்மைக் கலைஞர்களைக் கொண்டு ஓர் அறையிசைக் குழுவை அமைத்தது. ஏறத்தாழ 2,600 இருக்கைகள் கொண்ட தாய் அரங்கை விடுத்து, ஆயிரம் பேர் அமரும் ஜோர்டன் கூடத்தையே அக்குழு நெடுங்காலமாக நாடிவந்துள்ளது. மிகச் சரியான தேர்வு. நால்வர் எழுப்பும் ஒலியாற்றல் சிறிது. சுவர்களில் பட்டு விரைந்து திரும்பும் ஒலி அதற்கு வலுவூட்ட வேண்டும்.

கேட்போரின் உடலும் உடையும்கூட ஒலியை உறிஞ்சுபவை. வெற்றரங்கில் செழித்து நின்ற முழக்கம் நிறைந்த அவையில் மெலியும். ஒத்திகையில் வேகத்தை முடிவுசெய்யும் குழு இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாஸ்டனின் குளிர்காலம் இன்னும் கடுமையான தேர்வு. 0 பாகை செல்சியசில் நிறைவுற்ற காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 5 கிராம் நீராவியே இருக்கும். அதே காற்றை அரங்கினுள் 20 பாகைக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். வயலினின் மரம் சுருங்கும், மூட்டுகள் பிரியும், ஓபோவின் மரக்குழல் வெடிக்கவும் கூடும். பியானோவின் ஒலிப்பலகை தட்டையாகிச் சுருதி தாழும்.

சுருதியின் இயல்பும் கருவிக்குக் கருவி வேறுபடும். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். துளைக்கருவியின் சுருதி ஏறும். நரம்புகளோ வெப்பத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். கிளாரினெட், ஹார்ன், பாசூன் ஆகியவற்றை ஐந்து நரம்புக்கருவிகளோடு இணைக்கும் சூபர்ட்டின் 1824ஆம் ஆண்டு எண்மர் இசையில் இவ்விரு போக்குகளும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் எதிரெதிரே நிற்கும். பியானோவை நான்கு துளைக்கருவிகளோடு சேர்க்கும் மோட்சார்ட்டின் 1784ஆம் ஆண்டு ஐவர் இசையிலோ, பியானோவின் சுருதியை மேடையில் மாற்றவே இயலாது. மற்ற நால்வரும் அதற்கு இணங்கியாக வேண்டும்.

எனவே இத்தகைய கலப்புப் படைப்புகளை அக்டோபரிலோ மே திங்களிலோ வைப்பதே அறிவுடைமை. சனவரிக்கு நரம்பிசை நால்வர் படைப்புகள் பொருந்தும். நான்கு கருவிகளும் ஒரே போக்கில் மாறும், உடனுக்குடன் திருத்தவும் இயலும். திட்டம் வகுப்போர் செலவுப் பட்டியலில் ஈரப்பதமூட்டிக்கும், நிகழ்ச்சி நடக்கும் அரங்கிலேயே செய்யும் ஒத்திகைக்கும் முதலிலேயே பொருள் ஒதுக்கிவிட வேண்டும்.