நம்ம ஏரியா தண்ணி – 7: சங்கமத்துப் பாறைகள்

போன வாரம் பைரமங்களா ஏரியின் நுரையில் நிறுத்தியிருந்தேன். ஸ்ரீராம்புரத்திலும் ஓகளிபுரத்திலும் ராஜகால்வாயில் விழும் தண்ணீர் விருஷபாவதியாகி, அந்த ஏரியில் தேங்கி, பிறகு அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி காவிரியில் சேரும் இடம் சங்கமம். கனகபுரம் தாண்டி, பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இந்த வாரம் அங்கிருந்து மேகேதாட்டு வரை நடந்துவிட்டுத் திரும்புவோம்.

முதலில் அர்க்காவதியைக் கடக்க வேண்டும். கோடையில் முழங்கால் நனைய நடந்தே போகலாம். தண்ணீர் கூடினால் பரிசல். அக்கரையில் ஓட்டை பஸ் ஒன்று ஆள் சேருவதற்காகக் காத்திருக்கும். அதில் ஏறாதீர்கள். நாலு கிலோமீட்டர்தான், நடக்கத் தெம்புள்ளவர்கள் நடந்தே போகலாம். பரிசல்காரர் எங்களை எந்த ஊர் என்று விசாரித்தார். ஸ்ரீராம்புரம் என்றதும் தமிழுக்கு மாறினார். “அப்போ இது உங்க தண்ணிதான் சார். ஒரு கை அள்ளி மோந்து பாருங்க, சோப்பு வாசம் வரும்.” நான் அள்ளவில்லை.

இந்த நாலு கிலோமீட்டரும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. 1987-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். கரையோரம் நீர்மருது மரங்கள் வெளுத்த அடிமரத்தோடு ஆற்றின் பக்கம் சாய்ந்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேர்போன சாம்பல் நிற அணிலுக்கு இந்த மரங்களும் வீடு. நீர்நாய் உண்டு, மஹ்சீர் மீன் உண்டு, முதலையும் உண்டு. அதனால் பாதையிலிருந்து ஆற்றோரம் இறங்கும்போது பாறைமேல் மட்டும் காலை வையுங்கள். மணல் திட்டில் ஆற அமர உட்கார வேண்டாம்.

பாறைதான் இந்த நடையின் விசேஷம். லால்பாக்கில் நாம் ஏறி விளையாடிய அதே வகைப் பாறை, கோடிக்கணக்கான வருஷப் பழசு. அங்கே குடை கவிழ்த்த மாதிரி மழமழவென்று கிடப்பதை இங்கே ஆறு அறுத்துப் போட்டிருக்கிறது. கிடைக்கும் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டால் போதும். வெள்ளம் அதை அங்கேயே சுழற்றும், சுழற்றச் சுழற்றப் பள்ளம் ஆழமாகும், கல் தேய்ந்ததும் வேறொரு கல் வந்து விழும். வட்ட வட்டமாக, ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழிகள். மேகேதாட்டில் அத்தனை பெரிய காவிரி ஓர் இடுக்குக்குள் நுழைந்து ஓடுகிறது. அந்தப் பேருக்குக் காரணமான, ஆடு தாண்டிய கதையை அங்கே யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அந்த இடுக்கின் விளிம்பில் செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஈரப் பாறையில் செருப்பு நிற்காது.

நம் தண்ணீரின் பயணத்தைச் சுற்று என்று இந்தத் தொடரில் அடிக்கடி சொல்லி வந்தேன். அது முழுமையாவது இங்கேதான். சங்கமத்துக்கு மேலே, மளவள்ளிப் பக்கம் தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரியை ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றி, 100 கிலோமீட்டர் குழாயில் தள்ளிப் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். 1974-இல் ஆரம்பித்த ஏற்பாடு. அதைக் குடித்து, குளித்து, துவைத்து நாம் கால்வாயில் விட்டதுதான் இங்கே வந்து சேர்கிறது. நகரத்தின் கிழக்குப் பாதி அப்படியில்லை, அதன் கழிவு தென்பெண்ணைக்குப் போகிறது. நாம் மேற்குச் சரிவில் இருப்பவர்கள்.

குடிநீருக்குக் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகும், மீதி ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்பது காவிரி நடுவர் மன்றம் வைத்த கணக்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோது, குறைந்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் தேவைக்கு என்றது. அளவில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். திரும்புவது எந்த நிலையில் திரும்புகிறது என்பதற்கு அதில் பத்தியே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

விருஷபாவதியின் ஒரு ஊற்று மல்லேஸ்வரம் காடு மல்லேஸ்வரர் கோயில் பக்கம் என்று முதல் வாரம் எழுதினேன். 1669-இல் அந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே மானியமாகக் கொடுத்தவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. சில வருஷத்தில் அவர் தஞ்சாவூருக்குப் போய் அங்கே மராட்டிய அரசை நிறுவினார். ஊற்றும் கடைமடையும் ஒரே ஆளின் கைக்குள் வந்துபோன காலம் ஒன்று இருந்திருக்கிறது! 1991 டிசம்பரில் தமிழர்களுக்கு எதிரான காவிரிக் கலவரத்தைப் பார்த்த நம் ஏரியாக்காரர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும்.

2022 ஜனவரியில் மேகேதாட்டு அணை கேட்டுக் கர்நாடகக் காங்கிரஸ் தொடங்கிய பாதயாத்திரை இந்தச் சங்கமத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த அணை வந்தால் 67 டிஎம்சி தேங்கும், 400 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும் என்கிறது திட்டம். கிட்டத்தட்ட 5,000 ஹெக்டேர் நிலம் தண்ணீருக்குள் போகும், அதில் பெரும்பகுதி காடு. ஆதரித்தும் எதிர்த்தும் டிஎம்சியில்தான் சண்டை. நீர்மருது மரத்தை இரண்டு பக்கமும் எண்ணவில்லை. எனக்கு அணை வேண்டாம். நம் தெருவில் குழாய் காய்ந்த கோடைகள் தெரிந்தேதான் சொல்கிறேன். முதலில் கால்வாயில் விடுவதைச் சுத்தம் செய்து திரும்ப எடுக்கட்டும்.

வெயில் ஏறும் முன்பே திரும்பிவிடுங்கள், வழியில் கடை கிடையாது. சங்கமத்துக் கடைகளில் வறுத்த மீன் கிடைக்கும். எந்த ஆற்று மீன் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்த வாரம் பிலிகுண்டுலு. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்று ஆற்றை அளக்கும் இடம்.